ஓட்டியவன் பெயர் எங்கே?

 

எதிரணித் தலைவர் பேசினதைக் கேட்டீங்க. என்ன வேகம்! நடுவர் ஒரு தடவை மணி அடிச்சாரு. நிறுத்தலை. ரெண்டாவது தடவை அடிச்சாரு. பின்னாலே வர்ற வண்டி ஹாரன் அடிக்குதுன்னு நினைச்சுக்கிட்டு இன்னும் வேகமாப் போனாரு. (சிரிப்பு) தலைப்புக்குப் பொருத்தமான பேச்சு. அதை நான் குறையாச் சொல்லலை.

தலைப்பு என்ன? 'பன்னாட்டு விளையாட்டு விழாக்களில் மோட்டார் பந்தயத்துக்கு இடம் உண்டா, இல்லையா?' ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு மாதிரிப் பல விளையாட்டுகள் ஒன்றாக நடக்கிற திருவிழாவிலே, ஓட்டத்துக்கும் நீச்சலுக்கும் மல்யுத்தத்துக்கும் பக்கத்திலே கார்ப் பந்தயத்துக்கும் ஒரு பதக்கம் வைக்கலாமா என்பது கேள்வி. வைக்கலாம் என்கிறார்கள் அவர்கள். கூடாது என்று பேச வந்திருக்கிறேன் நான்.

ஆனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அணியில் எனக்கு முன்னால் பேசிய தம்பி, "உட்கார்ந்துக்கிட்டு ஸ்டியரிங்கைத் திருப்புறதெல்லாம் ஒரு விளையாட்டா?" என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீங்க. மன்னிக்கணும், அதை நான் ஒத்துக்க மாட்டேன். சொந்த அணியையே வெட்டுறானேன்னு நடுவர் பார்க்கிறார். வரலாறு பேச வந்தவன் வசதிக்காகப் பேசக் கூடாது ஐயா. பந்தயக் கார் ஒரு வளைவிலே திரும்பும்போது, பிரேக் போடும்போது, ஓட்டுகிறவன் கழுத்தின் மேலே அவன் தலையின் எடை நாலைந்து மடங்கு ஆகி அழுத்துது. ஒரு மடங்கு தலையையே நம்மில் பலபேர் சரியாத் தூக்கிக்கிட்டு நிக்க முடியலை. (சிரிப்பு) அந்த வெக்கையிலே ஒரே பந்தயத்தில் ரெண்டு மூணு கிலோ எடை வியர்வையாப் போயிடும். அவன் விளையாட்டு வீரன்தான். அதிலே எனக்குச் சந்தேகமே கிடையாது.

சின்ன வயசுல நானே பார்த்திருக்கேன். எங்க அம்மாவோட கூடப் பிறந்த மாமா ஒருத்தர், புதுப்பேட்டைப் பக்கம் மெக்கானிக். சோழவரத்தில் பந்தயம்னா என்னையும் கூட்டிக்கிட்டுப் போயிடுவார். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. பிப்ரவரி வெயிலில் அந்த வண்டிகள் போட்ட சத்தம் ரெண்டு நாள் காதைவிட்டுப் போகாது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேள்வி கேட்டால் காது கேக்கலைன்னு சொல்லித் தப்பிச்சிருக்கேன். (சிரிப்பு) எனக்குப் பந்தயம் பிடிக்கும். மாமாவைப் பற்றி அப்புறம் சொல்றேன், மறந்துடாதீங்க.

இப்போ எதிரணிக்கு வருவோம். அந்த அணியில் பேசிய சகோதரி ஒரு நல்ல கேள்வி கேட்டார். "பழைய கிரேக்க ஒலிம்பிக்கிலேயே தேர்ப் போட்டி இருந்ததே! அன்றைக்குத் தேர், இன்றைக்குக் கார். பாட்டிக்குக் கொடுத்த இடத்தைப் பேத்திக்குக் கொடுக்க மாட்டீங்களா?" அருமையான கேள்வி. அம்மா, நீங்க அந்த வீட்டு வாசல் வரைக்கும்தான் போனீங்க. உள்ளே போய்ப் பார்த்திருந்தால் எங்கள் அணிக்கு வந்திருப்பீங்க.

கிரேக்கர்கள் கி.மு. 680-இல் நாலு குதிரை பூட்டிய தேர்ப் போட்டியை ஒலிம்பியாவில் சேர்த்தார்கள். விழாவிலேயே பெரிய கூட்டம் அதுக்குத்தான். ஜெயித்தவனுக்கு ஆலிவ் இலைக் கிரீடம். யாருக்குத் தெரியுமா அந்தக் கிரீடம்? உயிரைப் பணயம் வைத்து ஓட்டினானே, அவனுக்கு இல்லை. குதிரைக்கும் தேருக்கும் சொந்தக்காரன் எவனோ, அவனுக்கு! அவன் ஊரிலே படுத்துத் தூங்கிக்கிட்டிருந்தாலும் அவன்தான் ஒலிம்பிக் வீரன்.

ஸ்பார்ட்டா நாட்டு அரசன் மகள் கைனிஸ்கா. கி.மு. 396-இலும் 392-இலும் தேர்ப் போட்டியில் வெற்றி பெற்றவள். ஒலிம்பியாவில் பெண்கள் போட்டியிட முடியாத காலம். அவள் அங்கே தேரோட்டவே இல்லை. குதிரை அவளுடையது, கிரீடமும் அவளுடையது. பெண் என்பதால் அவளைப் பாராட்டுகிறேன். ஆனால் அந்தத் தேரை ஓட்டியவன் யார்? பெயர் இல்லை. ஏதென்ஸ் நகரத்து ஆல்சிபியாடிஸ் கி.மு. 416-இல் ஒரே போட்டிக்கு ஏழு தேர் அனுப்பினான். ஏழு! பணம் இருந்தது, அனுப்பினான். அவன் பெயர் வரலாற்றில் நிக்குது. ஏழு பேர் ஓட்டினார்களே, அந்த ஏழு பேர்?

டெல்ஃபியில் ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. ஆளுயரச் சிலை. 1896-இல் மண்ணுக்குள்ளிருந்து எடுத்தார்கள். நீண்ட அங்கி, கையில் கடிவாளம், கண்ணிலே அப்படி ஓர் உயிர். ஒரு தேரோட்டி. கிரேக்கச் சிற்பத்தில் அதற்கு ஈடு சொல்ல நாலைந்து சிலைகூடத் தேறாது. அடியில் பீடத்தில் எழுத்து இருக்கிறது. கெலா நகரத்து ஆட்சியாளன் பாலிசேலஸ் வைத்தது என்று, சிலை வைத்த முதலாளியின் பெயர் இருக்கிறது. முகம் கொடுத்தான், கண் கொடுத்தான், அந்தத் தேரோட்டிக்கு ஒரு பெயர் கொடுக்கலையே! உலகமே அதை 'டெல்ஃபியின் தேரோட்டி' என்று மட்டும்தான் சொல்லுது. நம்ம வீட்டுல 'டிரைவர் வந்துட்டாரா?'ன்னு கேக்கிற மாதிரி. (கைதட்டல்)

இன்னொரு கூத்தும் உண்டு. ரோமாபுரிச் சக்கரவர்த்தி நீரோ கி.பி. 67-இல் ஒலிம்பியாவுக்கு வந்தான். எல்லோரும் நாலு குதிரை பூட்டினால் நான் பத்துக் குதிரை பூட்டுவேன் என்றான். பூட்டினான். ஓட்டினான். கீழே விழுந்தான். தூக்கி மறுபடி ஏற்றிவிட்டார்கள். அப்பவும் ஓடி முடிக்க முடியலை. ஆனால் ஜெயித்தது யார்? நீரோ! (சிரிப்பு) நடுவர்களுக்கு நல்ல கவனிப்பு. நம்ம நடுவரைச் சொல்லலீங்க ஐயா. (பலத்த சிரிப்பு) மறு வருஷம் நீரோ செத்தான். பிறகு அந்த ஒலிம்பிக்கையே கணக்கிலிருந்து அடிச்சுட்டாங்க.

சகோதரி பாட்டியைப் பற்றிச் சொன்னாங்களே, பாட்டியின் யோக்கியதை இது. பணக்காரன் வண்டி ஜெயிக்கும், ஓட்டியவன் பேர் மறையும். இந்த விஷயத்தில் நம்ம ஊர் கிரேக்கத்தைவிட எவ்வளவோ மேல். பாரதப் போரில் வில் வளைத்தவன் அர்ச்சுனன். தேரோட்டியவன் கண்ணன். திருவல்லிக்கேணியில் கோயில் யாருக்கு? தேரோட்டிக்கு! 'பார்த்தசாரதி', பார்த்தனுக்குச் சாரதி. பகவானுக்கு ஆயிரம் பேர் இருக்க, டிரைவர் என்கிற பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறோம். மீசை வெச்சுக்கிட்டு கம்பீரமா நிக்கிறார். (கைதட்டல்)

சரி, புராணத்தை விட்டு இறங்கி பாரிசுக்கு வருவோம். வருஷம் 1900. அங்கே ஓர் உலகக் கண்காட்சி. அதோடு ஒட்டித்தான் இரண்டாவது நவீன ஒலிம்பிக்கை நடத்தினார்கள். எது கண்காட்சிப் போட்டி, எது ஒலிம்பிக் போட்டி என்று அன்றைக்கு யாருக்கும் புரியலை. ஆராய்ச்சியாளர்கள் இன்றைக்கும் அடிச்சுக்கிறாங்க. மார்கரெட் அபாட் என்கிற அமெரிக்கப் பெண் அங்கே கோல்ஃப் ஆடி ஜெயித்தார். தான் ஜெயித்தது ஒலிம்பிக்கில் என்பதே தெரியாமல் 1955-இல் கண்ணை மூடினார். அப்படி ஒரு விழா.

அந்த விழாவையொட்டி மோட்டார் வண்டிப் போட்டிகளும் நடந்தன. ஒன்றிரண்டு இல்லை, பத்துக்கு மேலே. பெரும்பாலும் பாரிசை அடுத்த வின்சென் பகுதியில். என்னென்ன போட்டி? சின்னக் கார், பெரிய கார். அதோடு விட்டார்களா? வாடகை வண்டிக்கு ஒரு போட்டி. சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிற வண்டிக்கு ஒரு போட்டி. லாரிக்கு ஒரு போட்டி! நம்ம ஊர்ல சேத்தா, பால் வண்டிக்கும் தண்ணி லாரிக்கும் தங்கப் பதக்கம் கொடுத்திருக்கணும். சென்னைத் தண்ணி லாரி ஓடுற வேகத்துக்கு உலக சாதனையே வந்திருக்கும். (சிரிப்பு, கைதட்டல்)

சிரிச்சாச்சு. இப்போ அந்த முடிவுப் பட்டியலைப் பாருங்க. முதல் இடம் யார்? ஆள் பேரே இல்லை. வண்டி செய்த கம்பெனியின் பேர் போட்டிருக்கிறது. போட்டிக்குப் பேர் கொடுத்ததே கம்பெனிகள்தான். ஸ்டியரிங்கைப் பிடித்தவன் யார், அவன் எந்த ஊர், பல போட்டிகளில் இன்றைக்கு வரைக்கும் தெளிவாகத் தெரியாது. ஒலிம்பிக் சங்கம் இந்தப் போட்டிகளைத் தன் கணக்கில் சேர்ப்பதில்லை. ரெண்டாயிரத்து முந்நூறு வருஷம் கழிச்சு கைனிஸ்காவின் கதை மறுபடி நடந்திருக்குங்க! அன்றைக்குக் குதிரைச் சொந்தக்காரன், இன்றைக்குக் கம்பெனிக்காரன். ஓட்டினவன் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

ஒரே ஒரு பெரிய பந்தயத்தில் ஆள் பேர் தெரியும். ஜூலை மாதம், பாரிசிலிருந்து துலூசுக்குப் போய்த் திரும்பி வரவேண்டிய பந்தயம். சுமார் 1347 கிலோமீட்டர். முதலில் வந்தவர் மோர்ஸ் காரில் இருபது மணி நேரம் ஐம்பது நிமிஷத்தில் ஓட்டி முடித்தார். சராசரி மணிக்கு 64 கிலோமீட்டருக்கு மேல், அன்றைய மண் ரோட்டில்! சிறிய கார் வகுப்பில் ஜெயித்தவர் லூயி ரெனோ. பிற்காலத்தில் அவர் பேரில் கார் ஓடாத நாடு இல்லை. முதல் வந்தவர் பேர் 'லெவெக்' என்று போட்டிருந்தார்கள். அப்பாடா, ஒருத்தர் பேராவது கிடைச்சுதேன்னு நான் சந்தோஷப்பட்டேன். விசாரிச்சால், அது அவர் பேரே இல்லை! உண்மைப் பேர் ஆல்ஃப்ரெட் வெல்க். தன் குடும்பப் பேரின் பிரெஞ்சு எழுத்துகளை முன்னும் பின்னும் மாற்றிப்போட்டு ஒரு புனைபெயர் செய்துகொண்டார். பேர் தெரிந்த ஒருத்தரும் முகமூடி போட்டுக்கிட்டார். இந்த லெவெக் என்ற பேரை மனசுல வைங்க. அதுவும் திரும்பி வரும்.

அந்த ரெனோ குடும்பத்துக்கு என்ன ஆச்சு? 1903-இல் பாரிசிலிருந்து மாட்ரிட் வரைக்கும் ஒரு பந்தயம். வழியெல்லாம் விபத்து. ஓட்டியவர்கள், உடன் போன மெக்கானிக்குகள், வேடிக்கை பார்த்தவர்கள் என்று பல உயிர் போனது. லூயி ரெனோவின் அண்ணன் மார்செல் ரெனோ அதில் போய்ச் சேர்ந்தார். பந்தயம் மாட்ரிட் போகவே இல்லை. போர்தோ நகரத்தில் அரசாங்கம் நிறுத்திவிட்டது. திரும்பி வரும்போது கார்களை ஓட்டிக்கிட்டு வரக்கூட அனுமதி இல்லை. ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள்.

அடுத்தது 1908, லண்டன். இதிலே சந்தேகத்துக்கே இடமில்லை, முறையான ஒலிம்பிக் போட்டி: மோட்டார் படகுப் பந்தயம். எதிரணித் தலைவர் இதைச் சொல்லி மேசையைத் தட்டினார். 'ஒலிம்பிக்கில் எஞ்சினுக்கு ஏற்கெனவே தங்கம் கொடுத்தாச்சு!' கொடுத்தாங்க ஐயா. எப்படிக் கொடுத்தாங்கன்னு கேளுங்க.

சவுத்தாம்ப்டன் கடல் பகுதி. ஆகஸ்ட் மாதம் 28, 29. காத்துன்னா காத்து, பேய்க் காத்து. மூன்று பந்தயம். ஒவ்வொன்றும் நாற்பது கடல் மைல். கரையில் நிற்கிறவர்களுக்குப் படகே சரியாத் தெரியலை. மூன்று பந்தயத்திலும் ஓடி முடித்தது தலைக்கு ஒரே ஒரு படகு! ரெண்டாவது இடம், மூன்றாவது இடம் கொடுக்க ஆளில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் பிரபுவின் படகு தரை தட்டி நின்னுபோச்சு. கோர்ஹம் என்பவரும் அவர் மனைவியும் 'குவிக்சில்வர்' என்ற படகில் வந்தார்கள். தண்ணி உள்ளே ஏறி, திரும்பிட்டாங்க. கணவனும் மனைவியும் ஒரே படகில் போனால் அப்படித்தான், யார் ஓட்டுறது என்று முடிவாகாது. (சிரிப்பு) பிரான்சு நாட்டு எமில் துப்ரோன் 'கமீல்' படகில் ஒரு தங்கம். மீதி ரெண்டு தங்கமும் 'ஜைரினஸ்' என்ற ஒரே ஆங்கிலப் படகுக்கு. தார்னிகிராஃப்ட், ரெட்வுட், ஃபீல்டு-ரிச்சர்ட்ஸ் என்று மூன்று பேர் அதில் போனார்கள். வேகம் எவ்வளவு? மணிக்குச் சுமார் முப்பது கிலோமீட்டர். நம்ம டவுன் பஸ்ஸுக்கு அதுக்கு மேலே தங்கம் கொடுக்கணும்.

ஒரு நல்ல விஷயத்தையும் சொல்லிடணும். அந்தப் படகில் போன மூன்று பேருக்கும் தங்கம் கிடைத்தது. சுக்கான் பிடித்தவனுக்கும் தங்கம், எஞ்சினைப் பார்த்துக்கொண்டவனுக்கும் தங்கம். மோட்டாரின் ஒலிம்பிக் வரலாற்றிலேயே எனக்குப் பிடிச்ச இடம் அதுதான். ஆனால் அதுக்கப்புறம் ஒலிம்பிக்கில் மோட்டார் படகு வரவே இல்லை. பிற்பாடு ஒலிம்பிக் சாசனத்திலேயே எழுதி வைத்தார்கள்: இயந்திர உந்துதலையே முக்கியமாக நம்பி இருக்கிற விளையாட்டு ஏற்கப்படாது என்று. அந்த வாசகம் நெடுங்காலம் இருந்தது.

"இருந்தது, இப்ப இல்லையே!" என்று எதிரணியில் குரல் வருகிறது. உண்மை. அந்த வாசகத்தை எடுத்துவிட்டார்கள். உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்புக்கு 2013-இல் ஒலிம்பிக் சங்கம் முழு அங்கீகாரம் கொடுத்தது. 2018-இல் புவனஸ் அயர்சில் நடந்த இளைஞர் ஒலிம்பிக்கில் மின்சாரக் கார்ட் வண்டிகளைக் காட்சிக்கு ஓட்டினார்கள். அதே வருஷம் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஜெட் ஸ்கி என்கிற தண்ணீர் ஸ்கூட்டருக்குப் பதக்கமே கொடுத்தார்கள். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் சேர்க்க ஒன்பது விளையாட்டைப் பரிசீலித்தார்கள், அதில் மோட்டார் பந்தயமும் ஒன்று. இத்தனையும் ஒத்துக்கிறேன். முடிவு எங்கே எடுத்தாங்க? நம்ம மும்பையிலே! 2023 அக்டோபர் மாதம். கிரிக்கெட் உள்ளே, ஸ்குவாஷ் உள்ளே, பேஸ்பால், லக்ராஸ், கொடிக் கால்பந்து உள்ளே. மோட்டார் பந்தயம் வெளியே. காரணம் அவர்கள் ஆயிரம் சொல்லட்டும். என் காரணத்தை நான் சொல்கிறேன்.

எதிரணியின் வலுவான வாதம் எதுன்னா, அந்த அணியின் இளைஞர் சொன்னதுதான். "ஐயா, கம்பெனி பேர் வேண்டாம். எல்லோருக்கும் ஒரே மாதிரி கார்ட் வண்டி கொடுங்க. சீட்டுக் குலுக்கி, யாருக்கு எது வருதோ அதை ஓட்டட்டும். அப்போ ஜெயிக்கிறது ஆள்தானே?" கேட்கும்போது நியாயமாத்தான் இருக்கு. நானும் ஒரு வாரம் அதையே யோசிச்சேன். பதில் எனக்கு டோக்கியோவில் கிடைத்தது.

நவீன ஐம்போட்டி என்று ஒன்று. வாள் சண்டை, நீச்சல், குதிரை ஏற்றம், துப்பாக்கி, ஓட்டம். அதிலே குதிரை சொந்தக் குதிரை இல்லை. இளைஞர் சொன்ன மாதிரியே சீட்டுக் குலுக்கித்தான் கொடுப்பாங்க. பழகிக்க இருபது நிமிஷம். 2021 ஆகஸ்டில் ஜெர்மனி நாட்டு அனிகா ஷ்லோய் முதலிடத்தில் இருந்தார். அவருக்கு வந்த குதிரையின் பேர் செயின்ட் பாய். பேர்தான் செயின்ட்! (சிரிப்பு) தாண்ட மாட்டேன்னு நின்னுடுச்சு. அதற்கு முன்னால் ஏறிய இன்னொரு பெண்ணிடமும் அது முரண்டு பிடித்த குதிரைதான். அந்தப் பெண் குதிரை மேலே உட்கார்ந்தபடி தேம்பித் தேம்பி அழுததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. பயிற்சியாளர் ஆத்திரத்தில் குதிரையைக் குத்தி, வெளியே அனுப்பப்பட்டார். முதலிடத்தில் இருந்தவர் 31-ஆவது இடத்துக்குப் போனார். வாழ்நாள் உழைப்பு, குலுக்கலில் வந்த ஒரு குதிரையோடு போச்சு. அதன் பிறகு என்ன செய்தார்கள்? 2024 பாரிசோடு குதிரையை அந்தப் போட்டியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். இருக்கிற குதிரையையே இறக்கி விடுகிற காலத்தில், நாம எஞ்சினை ஏத்தச் சொல்றோம்.

ஒரே மாதிரி வண்டின்னு சொல்றீங்க. ஒரே கம்பெனியில், ஒரே நாளில் வாங்கின ரெண்டு ஸ்கூட்டர் ஒரே மாதிரி ஓடுதாங்க? நம்ம வீட்டு வண்டியைப் பக்கத்து வீட்டுக்காரர் உதைச்சா ஒரே உதையில் கிளம்பும். நாம உதைச்சா? (சிரிப்பு) ஜெயிச்சா திறமை, தோத்தா வண்டி சரியில்லை. ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல யாராலே முடியும்?

சிரிப்புக்குச் சொல்லலை. இங்கேதான் லெவெக் திரும்பி வருகிறார்.

ஆல்ஃப்ரெட் வெல்க் 1904-இல் இறந்துபோனார். அவருக்கு ஒரு மருமகன், பியேர் பூயான். அந்தப் பையன் வளர்ந்து, தானும் பந்தய வீரன் ஆனபோது, மாமன் நினைவாக அந்தப் புனைபெயரையே எடுத்துக்கொண்டார்: பியேர் லெவெக். 1952-இல் ல மான் இருபத்துநாலு மணி நேரப் பந்தயம். ரெண்டு பேர் மாறி மாறி ஓட்ட வேண்டிய பந்தயம் அது. லெவெக் தன் டால்போ காரைக் கூட்டாளியிடம் கொடுக்கவே இல்லை. தனியாளாக ஏறக்குறைய இருபத்துமூன்று மணி நேரம் ஓட்டினார். சோறு, தூக்கம் கிடையாது. முதலிடத்தில் இருந்தார், வெகு தூரம் முன்னால். கடைசி நேரத்தில் எஞ்சின் போச்சு. மெர்சிடிஸ் கார்கள் முதல் ரெண்டு இடத்தையும் எடுத்துக்கொண்டன. எழுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் சண்டை ஓயலை: களைப்பில் அவர் கியரைத் தப்பாகப் போட்டாரா, இல்லை எஞ்சினே உள்ளுக்குள் உடைந்ததா? தோற்றது மனுஷனா, இரும்பா? ஒரு மனுஷன் தன் ஆயுளின் மிகப் பெரிய நாளில் தோற்றானா இல்லையா என்றுகூட நம்மால் சொல்ல முடியலையே ஐயா! நூறு மீட்டர் ஓட்டத்தில் இந்தச் சந்தேகம் வருமா? (கைதட்டல்)

அந்த உழைப்பைப் பார்த்த மெர்சிடிஸ், பின்னால் அவரைத் தன் அணியிலேயே சேர்த்தது. 1955 ஜூன் 11. அதே ல மான். அவருக்கு வயசு 49. மாலை ஆறரை மணி இருக்கும். முன்னால் போன ஒருத்தர் பெட்ரோல் போட ஓரம் கட்டுகிறார். அவர் பின்னால் வந்தவர் விலகுகிறார். விலகிய கார் மேலே லெவெக்கின் கார் மோதி, பறந்து, வேடிக்கை பார்க்க நின்ற கூட்டத்துக்குள்ளே விழுந்தது. அந்தக் காரின் உடம்பு மெக்னீசியம் கலந்த உலோகம். தண்ணி ஊத்த ஊத்த எரிந்தது. லெவெக் இறந்தார். பார்வையாளர்கள் எண்பது பேருக்கு மேல் இறந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம், குழந்தையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்ற ஜனங்க.

பந்தயத்தை நிறுத்தினார்களா? இல்லை. கூட்டம் கலைந்தால் ஆம்புலன்சுக்கு வழி இருக்காது என்று காரணம் சொன்னார்கள். மறுநாள் வரைக்கும் வண்டிகள் சுற்றிக்கொண்டே இருந்தன. மெர்சிடிஸ் மட்டும் முதலிடத்தில் இருந்தும் நடு இரவுக்கு மேல் தன் கார்களைத் திருப்பி அழைத்துக்கொண்டது. சுவிட்சர்லாந்து நாட்டில் அப்படிப்பட்ட பந்தயங்களையே தடை செய்தார்கள்.

விபத்து எந்த விளையாட்டில் இல்லை என்று கேட்பீர்கள். 2010 குளிர்கால ஒலிம்பிக் தொடங்கும் நாளில் பனிச்சறுக்கு வண்டிப் பயிற்சியில் ஜார்ஜிய நாட்டு வீரர் ஒருவர் இறந்தார். இருக்கிறது. தன் உயிரைத் தான் பணயம் வைப்பது வீரம். பார்க்க வந்தவன் உயிரையும் சேர்த்து வைக்கிற விளையாட்டுக்கு, அதற்கென்று வேலி போட்ட தனி இடம் இருக்கட்டும், தனி விழா இருக்கட்டும். நடத்துகிறார்களே! 2019-இலிருந்து நாட்டுக்கு நாடு அணி சேர்த்து, பதக்கம் வைத்து, மோட்டார் பந்தயத்துக்கே தனி விளையாட்டு விழா நடக்கிறது. முதல் விழா ரோமாபுரிப் பக்கம். நல்லா நடக்கட்டும். கோயம்புத்தூர்ப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டினபோது நானும் ராத்திரி கண் விழிச்சு டி.வி. பார்த்தவன்தான்.

மாமா கதைக்கு வருகிறேன். சோழவரத்தில் ஒரு வருஷம், மாமா ராப்பகலாக வேலை பார்த்த கார் ஜெயித்தது. மூணு நாள் வீட்டுக்கே வரலை மனுஷன். எஞ்சினைப் பிரிச்சு, கோர்த்து, மறுபடி பிரிச்சு... பந்தயத்தன்றைக்குக் காலையிலே கார்புரேட்டரில் ஏதோ கோளாறு. அதைச் சரி பண்ணும்போது கை வெந்து கொப்பளிச்சுப் போச்சு. கார் முதலில் வந்தது. மறுநாள் பேப்பரில் படம். கார்க்காரர் கையில் கோப்பை. சுத்திப் பத்துப் பேர். மாமாவைத் தேடினோம், காணோம். அத்தைதான் கண்டுபிடிச்சாங்க. படத்தின் ஓரத்தில், காரின் மேலே ஒரு கை. துணி சுத்தின கை. அதோட படம் வெட்டிப் போயிடுச்சு. "அதோ, அது அவரு கை"ன்னாங்க அத்தை. அந்தப் பேப்பரை ரொம்ப நாள் டிரங்குப் பெட்டியில் வெச்சிருந்தாங்க. வர்றவங்களுக்கெல்லாம் அந்தக் கையைக் காட்டுவாங்க. படத்துக்குக் கீழே எல்லோர் பேரும் போட்டிருந்தது. கைக்குப் பேர் போடலை.

மாமா வருத்தப்பட்டதில்லை. "வண்டி ஜெயிச்சுதுல்ல, விடுடா" என்பார். நான்தான் இன்னும் விடாமல் பேசிக்கிட்டிருக்கேன்.

நடுவர் மணியைத் தொட்டுட்டார். ஒரே ஒரு நிமிஷம் ஐயா. அலெக்ஸ் சனார்டி என்று ஓர் இத்தாலியர். அமெரிக்காவின் பெரிய கார்ப் பந்தயத் தொடரில் 1997, 1998 ரெண்டு வருஷமும் சாம்பியன். 2001 செப்டம்பர் 15, ஜெர்மனியில் ஒரு பந்தயம். இன்னொரு கார் மோதி இரண்டு காலும் போயிற்று. பிழைப்பாரென்று யாரும் நினைக்கலை. ரெண்டு வருஷம் கழிச்சு அதே இடத்துக்கு வந்து, கையாலே இயக்குகிற காரில், அன்றைக்கு விட்டுப்போன பதின்மூன்று சுற்றையும் ஓட்டி முடித்தார். அப்புறம் கையாலே பெடல் சுற்றுகிற சைக்கிளைப் பிடித்தார். 2012 லண்டன் பாராலிம்பிக் போட்டிக்கு வந்தார். அந்தச் சைக்கிள் போட்டியை எங்கே வைத்தார்கள் தெரியுமா? பிராண்ட்ஸ் ஹாட்ச்சில். கார்ப் பந்தயம் நடக்கிற தடத்தில்! அவர் ஒரு காலத்தில் கார் ஓட்டிய அதே வகைத் தார் ரோடு, அதே மாதிரி வளைவுகள். எஞ்சின் மட்டும் இல்லை. ரெண்டு தங்கம், ஒரு வெள்ளி. வயசு 45.

அந்த வண்டிக்கும் தொழில்நுட்பம் உண்டேன்னு எதிரணி கேட்கலாம். உண்டு. ஆனா சுத்தினது அவர் கை. ஜெயிச்சு முடிச்சதும் தரையில் உட்கார்ந்துக்கிட்டு, அந்தச் சைக்கிளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிச்சார். அந்தப் படத்திலே கையும் தெரியுது, முகமும் தெரியுது. முடிவுப் பட்டியலில் பேரும் இருக்கு, கம்பெனி பேர் இல்லை, அலெசாண்ட்ரோ சனார்டின்னு.

மணி அடிச்சுட்டீங்க ஐயா, இது ஹாரன் இல்லைன்னு எனக்குத் தெரியும். (சிரிப்பு) 

(நீண்ட கைதட்டல்)